வில் வளைந்த பாதம்



சிதம்பரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீமுஷ்ணம் இருக்கிறது. பூவராகப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அக்கோயிலின் திருக்குளத்துக்கு நித்திய புஷ்கரணி என்று பெயர். என் ஆயாவின் வீடு அவ்வூரில் இருந்தது. கோடை விடுமுறை முழுவதும் நான் அங்கேதான் கிடப்பேன். குளத்தில் குளித்துவிட்டு ஈரக்காலோடு படியேறுவோம். வெயிலில் காய்ந்த கல்லில் கால் வைத்த இடமெல்லாம் சுவடு விழும். நான்கு படி ஏறித் திரும்பிப் பார்ப்பதற்குள் முதற்படியின் சுவடு மறையத் தொடங்கிவிடும். அந்தச் சிறு நேரத்துக்குள் எது யாருடைய சுவடு என்று கண்டுபிடிப்பது எங்கள் விளையாட்டு. என் சுவட்டைக் கண்டுபிடிக்க மட்டும் ஒருவருக்கும் நேரம் ஆகாது. மற்றவர்களின் சுவட்டில் குதிகாலையும் முன்பாதத்தையும் ஓர் அகன்ற பட்டை இணைத்திருக்கும். என்னுடையதில் பின்னால் ஒரு வட்டம், முன்னால் ஒரு பிறை. இடையே ஒன்றும் இராது. இரண்டு தீவுகள் போலக் கிடக்கும்.

“தரையே படாத கால்டா தம்பி இது! நடராசர் தூக்கின கால்!” என்று ஆயா பெருமையோடு சொல்லுவாள்.

பல ஆண்டுகள் கழித்து, மருத்துவம் பயின்ற பிறகு, சிதம்பரத்தில் சந்நிதி முன் நின்றபோது அவள் சொல் நினைவுக்கு வந்தது. ஆடல்வல்லானின் இடத்திருவடி தூக்கியது. வலத்திருவடி முயலகன்மேல் ஊன்றியது. ஆயாவின் கண்ணில் பட்டது தூக்கிய பாதம். அதற்குப் பாரம் இல்லை. பாரம் முழுவதும் ஊன்றிய பாதத்துக்கே உரியது. நம்மைப் போன்ற மானிடர்க்கோ இரண்டு பாதங்களுமே மாறி மாறி ஊன்றும் பாதங்கள்தாம். அந்த ஊன்றும் பாதம் அளவுக்கு மேல் வளைந்திருந்தால் நேர்வது என்ன என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

தட்டைப் பாதத்தைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். படையில் சேரச் சென்று, தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். 1992-ல் கர்நாடகத்தைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்னும் மருத்துவர் இருவர் 2300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். காலணி அணியும் குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், வெறுங்காலோடு திரியும் குழந்தைகளில் நூற்றுக்கு 2.8 பேருக்கும் தட்டைப் பாதம் இருந்ததாகக் கண்டனர். கிராமத்து வெறுங்காலுக்குக் கிடைத்த நற்சான்று என்று இதைக் கொள்ளலாம். ஆனால் இதன் மறுபுறமாகிய உயர்ந்த வளைவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பள்ளமான உள்ளங்காலை அழகு என்று புகழ்வோரே மிகுதி. அப்புகழுரையால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பைப் பின்னர்க் கூறுகிறேன்.

முதலில் பாதத்தின் அமைப்பைப் பார்ப்போம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. இவை தட்டையாக அடுக்கப்படவில்லை. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை வில்லைப் போல வளைத்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. வில்லுக்கு நாண் உண்டல்லவா? பாதத்துக்கும் உண்டு. குதிகால் எலும்பிலிருந்து புறப்பட்டு விரல்களின் அடிவரை ஓடும் உறுதியான ஒரு நார்ப்பட்டையே அந்த நாண். 1954-ல் ஹிக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் இந்த நாண் இயங்கும் விதத்தை விளக்கினார். அதை நீங்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். நண்பர் ஒருவரை வெறுங்காலுடன் நேரே நிற்கச் சொல்லுங்கள். அவருடைய கால் கட்டைவிரலை மட்டும் உங்கள் கையால் மேலே தூக்குங்கள். அவர் எதுவும் செய்யாமலே பாதத்தின் உள்வளைவு உயர்வதைக் காண்பீர்கள். விரல் மேலெழும்போது நாண் விரலடியைச் சுற்றி இழுபடுகிறது. நாண் இறுகினால் வில் வளைகிறது. நடையில் குதிகாலைத் தூக்கி உந்தும் நொடியில் இதுவே நிகழ்கிறது. பாதம் அந்நேரத்தில் விறைத்த நெம்புகோலாகி நம்மை முன்னே தள்ளுகிறது.

ஆனால் அதற்குச் சற்று முன்னர், குதிகால் தரையைத் தொட்ட நொடியில், பாதம் விறைத்திருக்கக் கூடாது. அப்போது வளைவு சற்றே தாழ்ந்து, பாதம் உள்நோக்கிச் சாய்ந்து, தரையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டை வண்டியையும் வில் வண்டியையும் நினைத்துப் பாருங்கள். வில் வண்டியில் அடியிலுள்ள வில் தாழ்ந்து எழுவதால் பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் உள்ளிருப்பவர் உடம்பு நோவதில்லை. கட்டை வண்டியில் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறும். உயர்வளைவுப் பாதம் பார்வைக்கு வில் வண்டி. குணத்தில் கட்டை வண்டி. அதன் வில் மிக வளைந்து இறுகிவிட்டதால் தாழ்ந்து கொடுக்க மறுக்கிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் தரை நம்மைத் திருப்பித் தாக்கும் விசை உடல் எடையைவிடச் சற்று மிகுதி. ஓடும்போது இரண்டு மூன்று மடங்கு. இது முழுவதும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் நேரே போய்ச் சேர்கிறது.

இரண்டாவது தொல்லை பரப்பளவைப் பற்றியது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று பௌதிக வகுப்பில் படித்திருப்பீர்கள். 50 கிலோ எடையுள்ள மாணவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் பாதம் 100 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ பாரம். பாதத்தின் நடுப்பகுதி தரையில் படாமல் பரப்பு 70 ஆகக் குறைந்தால் அதே பாரம் 0.7 கிலோவுக்கு மேல் ஏறிவிடும். அதுவும் எல்லா இடத்திலும் சமமாக அன்று. பெருவிரலின் அடிமுட்டிலும் சிறுவிரலின் அடிமுட்டிலும் குதிகாலிலும் குவியும். தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அதைத்தான் காய்ப்பு என்கிறோம். காய்ப்பின் நடுவில் ஊசிபோல் இறங்கும் கெட்டியான பகுதியே கால் ஆணி. கால் ஆணியைப் பிளேடால் சீவி எறிகிறவர்கள் பலர். அழுத்தம் இருக்கும்வரை ஆணி மீண்டும் முளைக்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. பிளேடு வெட்டிய புண்தான் மிச்சம்.

மூன்றாவது, கணுக்கால் சுளுக்கு. உயர்வளைவுப் பாதங்கள் பலவற்றில் குதிகால் உட்புறமாகச் சாய்ந்திருக்கும். அதனால் பாரம் பாதத்தின் வெளி விளிம்பில் விழும். வயல் வரப்பில் நடப்பவன் ஒரு பக்கம் சரிவதுபோல, சிறு கல் தட்டினாலும் பாதம் உள்ளே மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கத்துத் தசைநார் கிழியும்.

இவையெல்லாம் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். மாசி மகத்தன்று பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரையில் தீர்த்தவாரி காண்பது நெடுங்கால வழக்கம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரம் வழியாகக் கிள்ளை 50 கிலோமீட்டருக்கு மேல். வழியெங்கும் ஊர்கள் கூடி வரவேற்கும். கிள்ளையில் முஸ்லிம் பெருமக்களும் பெருமாளை எதிர்கொண்டு மரியாதை செய்வர். அக்காட்சியைக் காண்பதற்கென்றே வருவோர் உண்டு. பதினைந்தாம் வயதில் நானும் உற்றாருடன் நடந்தேன். ஒரு கிலோமீட்டருக்கு 1300 அடி என்று கொண்டாலும் 65,000 அடிகள். முதல் நாள் மாலைக்குள் முன்பாதம் தணலை மிதித்தாற்போல் எரிந்தது. மறுநாள் குறுக்கு வழியாக ஒரு வரப்பில் இறங்கியபோது கணுக்கால் மடங்கிற்று. சுளுக்கெடுப்பவர் ஒருவர் நல்லெண்ணெய் தடவி இழுத்த இழுப்பில் வீக்கம் இரட்டித்தது. என் வயதுப் பிள்ளைகள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பள்ளிக்குத் திரும்பிய பின் தேகப்பயிற்சி ஆசிரியர் என்னைப் பாசாங்குக்காரன் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெளியே தெரியாத நோவை யார் நம்புவார்?

உங்கள் பாதம் எவ்வகை என்று அறிய விரும்பினால் குளத்துப்படி தேவையில்லை. கட்டம் போட்ட வரைபடத் தாள் ஒன்று போதும். உள்ளங்காலை நனைத்து, தாளின்மேல் முழு எடையும் படுமாறு நின்று, ஈரம் பட்ட இடத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். விரல்களின் சுவட்டை நீக்கிவிட்டு, எஞ்சிய சுவட்டின் நீளத்தை மூன்று சம பாகமாகப் பிரியுங்கள். நடுப்பாகத்திலுள்ள கட்டங்களை எண்ணி, மூன்று பாகங்களின் மொத்தக் கட்டங்களால் வகுங்கள். 1987-ல் அமெரிக்காவில் கவானா, ராட்ஜர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் வகுத்த முறை இது. விடை 0.21-க்கும் 0.26-க்கும் இடையில் இருந்தால் இயல்பான பாதம். 0.26-க்கு மேலானால் தட்டை. 0.21-க்குக் கீழானால் உயர்வளைவு. என்னுடையது சுழி, நடுப்பாகத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

சுழி வந்தவர்கள் அஞ்ச வேண்டாம். உயர்வளைவுப் பாதங்களில் பல பிறவியமைப்பே. மூக்கின் நீளம் போலக் குடும்ப வழி வருவது. வாழ்நாள் முழுவதும் ஒரு தொல்லையும் அறியாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எல்லா உயர்வளைவும் அப்படியன்று. இங்கேதான் நான் தவறினேன்.

என் தமக்கையின் மகனுக்குப் பத்து வயதிருக்கும்போது அவன் பாதமும் என் பாதம் போலவே குழிந்திருந்தது. “மாமன் கால் அப்படியே வந்துவிட்டது” என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். பன்னிரண்டு வயதில் அவன் அடிக்கடி தடுக்கி விழுந்தான். செருப்பு காலைவிட்டுக் கழன்று விழுந்தது தெரியாமலே நான்கு அடி நடந்து போவான். கவனமில்லாத பிள்ளை என்று பள்ளியிலும் வீட்டிலும் ஏச்சு. அக்காள் என்னிடம் ஒருமுறை கேட்டாள். நான் அவன் பாதத்தைக் கையில் எடுத்து, என் பாதத்தோடு ஒட்டிப் பார்த்து, “இது என் கால்தான் அக்கா, நானும் இப்படித்தான் விழுந்து எழுந்தேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மருத்துவனாகிய நான் சொன்னதால் வேறு எவரையும் அவர்கள் நாடவில்லை. இரண்டு ஆண்டுகள் சென்றன.

என் கண்ணைத் திறந்தவர் சந்நிதித் தெருவில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். என் செருப்பையும் அவன் செருப்பையும் ஒன்றாகத் தைக்கக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது அவர் இரண்டையும் புரட்டிக் காட்டினார். “ஐயா, உங்கள் செருப்பு வெளி ஓரம்தான் தேய்கிறது. தம்பியின் செருப்பைப் பாருங்கள். வெளி ஓரமும் தேய்கிறது, நுனியும் தேய்கிறது. பிள்ளை காலைத் தூக்கி வைக்கவில்லை; இழுத்து வைக்கிறான்” என்றார்.

அன்று மாலையே அவனைக் கூடத்தில் நிறுத்தி, குதிகாலை மட்டும் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னேன். அவனால் இயலவில்லை. இரண்டு பாதங்களும் தரையைவிட்டு எழவே இல்லை. ஆடுதசைக்குக் கீழே கால் மெலிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். விரல்கள் பருந்தின் நகம்போல வளையத் தொடங்கியிருந்தன. நரம்பின் மின்கடத்தலைச் சோதித்தார்கள். நலமுள்ளவரின் கை நரம்பில் செய்தி நொடிக்கு 50 மீட்டருக்குக் குறையாமல் ஓடும். அவனுக்கு அதில் பாதிகூட இல்லை.

அந்நோயை 1886-ல் பாரிஸ் நகரில் ஷார்க்கோ, மாரி என்னும் இருவரும், இங்கிலாந்தில் டூத் என்பவரும் தனித்தனியே விவரித்தனர். மூவர் பெயராலும் அது வழங்குகிறது. உலகில் ஏறத்தாழ 2500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். ஆகவே அரிய நோய் என்று ஒதுக்க முடியாது. அதன் மிகப் பொதுவான வகைக்குக் காரணம், பதினேழாம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இரட்டித்திருப்பதே என்று 1991-ல் கண்டறிந்தனர். நரம்பைச் சுற்றியுள்ள உறை அதனால் கெடுகிறது. முதலில் தளர்வன மிக நீண்ட நரம்புகள். அதாவது காலுக்குச் செல்வன.

நரம்பு தளர்ந்தால் பாதம் ஏன் வளைய வேண்டும்? தேரின் இரு வடங்களையும் சமமாக இழுத்தால் தேர் நேரே போகும். ஒரு வடத்தில் ஆள் குறைந்தால் தேர் மறுபுறம் திரும்பிவிடும். பாதத்தை மேலே தூக்கும் தசையும் வெளியே திருப்பும் தசையும் உள்ளங்காலின் சிறு தசைகளும் இந்நோயில் முதலில் சோர்கின்றன. அவற்றுக்கு எதிரான தசைகள் வலிமை குன்றாமல் இழுக்கின்றன. வளரும் வயதில் எலும்புகள் அந்த இழுப்புக்கு இணங்கி அமைகின்றன. ஆண்டுக்கு ஆண்டு வளைவு ஏறுகிறது. என் பாதம் பிறந்த நாள் முதல் ஒரே நிலையில் இருந்தது. அவன் பாதம் மாறிக்கொண்டே வந்தது. இந்த ஒரு வேறுபாட்டை நான் கேட்டறியவில்லை.

மற்றொன்றையும் நான் நோக்கவில்லை. அத்தான், அதாவது அவன் தந்தை, எப்போதும் நீண்ட வேட்டி கட்டுபவர். அவருடைய மெலிந்த கால்களை யாரும் பொருட்படுத்தியதில்லை. அவருக்கும் அதே நோய் மென்மையாக இருந்தது. மாமன் கால் என்று நாங்கள் கொண்டாடியது தகப்பன் கால்.

வேறு காரணங்களும் உண்டு. இளம்பிள்ளைவாதம் ஒரு காலை மட்டும் மெலியச் செய்து பாதத்தை வளைத்துவிடும். இந்தியாவில் இயற்கைக் கிருமியால் வரும் அந்நோய் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டது. 2014-ல் நாடு அதிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் தாக்குண்டவர்கள் அந்தப் பாதங்களோடு இன்றும் நம்மிடையே நடக்கிறார்கள். முதுகுத்தண்டில் பிறவிக் குறையோ கட்டியோ இருந்தாலும் பாதம் வளையலாம். ஆகவே ஒரு கால் மட்டும் வளைந்தால், வளைவு மிகுந்துகொண்டே வந்தால், தடுக்கி விழுதலும் மரமரப்பும் சேர்ந்தால், அது அழகன்று. மருத்துவரிடம் காட்ட வேண்டிய குறி.

உணர்ச்சி குன்றிய பாதத்தில் அழுத்தம் என்ன செய்யும் என்பதை உலகம் அறிந்துகொண்ட இடங்களுள் ஒன்று நம் வேலூர். 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் உள்ளங்காற் புண்களை ஆராய்ந்தார். நோய்க்கிருமி சதையைத் தின்பதால் புண் வருகிறது என்றே அக்காலத்தில் பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். நோவு தெரியாததால் ஒரே இடத்தில் அடிமேல் அடியாக விழும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம் என்று பிராண்டு காட்டினார். அழுத்தத்தைப் பரப்பிவிடும் மென்மையான நுண்துளை ரப்பர்ச் செருப்புகள் அங்கே உருவாயின. சர்க்கரை நோயாளிக்குப் பாதம் காக்கும் செருப்பும் இதே கொள்கையில் செய்யப்படுகிறது. சர்க்கரை நோயோடு உயர்வளைவும் உடையவர்கள் இரட்டிப்பு விழிப்போடு இருக்க வேண்டும்.

எளிய உயர்வளைவுக்கும் அதுவே மருந்து. பாதத்தின் பள்ளத்தை மென்மையான உள்ளணையால் நிரப்பினால் தீவுகளுக்கிடையே பாலம் அமைந்து பாரம் பகிரப்படும். கெட்டியான டயர்ச் செருப்பும், பின்வார் இல்லாத ரப்பர்ச் செருப்பும் இப்பாதத்துக்கு ஆகா. கெண்டைக்கால் தசையை நாள்தோறும் நீட்டிப் பயிற்றுவதும், ஒற்றைக்காலில் நின்று பழகுவதும் சுளுக்கைக் குறைக்கும். கோயிலில் மட்டும் வெறுங்கால். மற்ற நேரத்தில் நான் உள்ளணை இல்லாமல் நடப்பதில்லை. பாதம் மிக இறுகிவிட்டவர்களுக்கே அறுவை.

என் மருமகனின் நோயைத் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. அது உயிரைக் குறைப்பதன்று, நடையைக் குறைப்பது. கணுக்காலைத் தாங்கும் இலேசான தாங்கிகளை அணிந்து நடக்கிறான். கணக்கு ஆசிரியனாக இருக்கிறான். வகுப்பில் தடுக்கி விழும் பிள்ளையை அவன் ஏசுவதில்லை என்று கேள்வி. அந்த இரண்டு ஆண்டுகளில் பயிற்சியும் தாங்கியும் கிடைத்திருந்தால் விரல்கள் இவ்வளவு மடங்கியிரா என்று நான் ஒருமுறை சொன்னபோது, “விடுங்கள் மாமா” என்றான்.

சென்ற மாசி மகத்துக்கு நாங்கள் கிள்ளைக்குப் போனோம், இம்முறை காரில். தீர்த்தவாரி முடிந்து கூட்டம் கலைந்த பின், அவன் தாங்கிகளைக் கழற்றிவிட்டு என் தோளைப் பற்றிக்கொண்டு ஈரமணலில் நடந்தான். அவனுடைய ஐந்து வயது மகள் எங்களுக்கு முன்னே ஓடினாள். இந்நோய் உள்ள தகப்பனின் பிள்ளைக்கு அது வர வாய்ப்பு இரண்டில் ஒன்று. சிறு குழந்தையின் உள்ளங்காலில் கொழுப்பு நிறைந்திருப்பதால் அந்த வயதில் பலரின் சுவடும் தட்டையாகவே விழும். அதிலிருந்து எதையும் அறிய முடியாது. எனக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். ஆயினும் அலை வந்து அழிப்பதற்குள் இருவரும் குனிந்து அவள் சுவட்டைப் பார்த்தோம். நடுப்பகுதி நிறைவாகப் பதிந்திருந்தது. “என்ன தாத்தா தேடுறீங்க?” என்று கேட்டுக்கொண்டே அவள் திரும்பி ஓடிவந்தாள்.